லோகோவைச் சுற்றி ஒரு சதுரம்: மென்பொருள் மாறியதும் நிறம் ஏன் பிரிகிறது?

மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துகிறவர்களுக்கு கொம்பியூட்டரில் கைவைக்க நேரம் கிடைக்காது. மழை தொடங்கி அறைகள் காலியான பிறகுதான் புது மெஷின் வாங்குவதும், பழைய பதிவு மென்பொருளைப் புது வேர்சனுக்கு மாற்றுவதும் நடக்கும். அதனால் திருகோணமலையில் இந்த முறைப்பாடு பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் வரும்: "தம்பி, புது வேர்சன் போட்டதில இருந்து எங்கட லோகோவைச் சுத்தி ஒரு சதுரம் தெரியுது. முந்தி இப்பிடி இல்லையே."

அவர்கள் சொல்லும் சதுரம் இதுதான். முன்பதிவுத் திரையின் மேலே கடும் நீலத்தில் ஒரு பட்டை. இடது மூலையில் விடுதியின் லோகோ. லோகோ ஒரு படம், அதன் பின்புறமும் அதே நீலம். பழைய வேர்சனில் படம் எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. புது வேர்சனில் படத்தின் நீலம் கொஞ்சம் வெளிறி, ஒட்டுப் போட்ட மாதிரி தனியாக நிற்கிறது. சிலருக்கு இது தலைகீழாக வரும்: படம் கறுத்துவிடும், பட்டை வெளிச்சமாக இருக்கும்.

முதலில் எல்லோரும் சந்தேகப்படுவது மொனிட்டரைத்தான். அது வீண். மொனிட்டர் பழுதென்றால் படமும் பட்டையும் சேர்ந்தே நிறம் மாறும். இரண்டும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. ஒன்று மட்டும் மாறித் தெரிகிறது என்றால், மொனிட்டருக்குப் போய்ச் சேரும் முன்பே அந்த இரண்டு நிறங்களும் வெவ்வேறு எண்களாகிவிட்டன. கோளாறு மென்பொருளுக்குள், அல்லது படத்துக்குள்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பழைய வேர்சனில் அந்த இரண்டு நீலங்களும் பொருந்தியிருந்ததே தற்செயல். சுவர் மணிக்கூடும் கைக்கடிகாரமும் இரண்டும் பத்து நிமிடம் பின்னால் ஓடினால் நேரம் சரி என்றே நினைப்போம். ஒன்றைத் திருத்திய அன்றைக்குத்தான் சிக்கல் தெரியவரும். பழைய மென்பொருள் படத்தின் நிறக் குறிப்பையும் படிக்கவில்லை, பட்டையின் நிறத்துக்கும் அர்த்தம் கேட்கவில்லை. 31, 78, 121 என்று எண் கிடைத்தால் அதை அப்படியே திரைக்கு அனுப்பிவிட்டது. புது வேர்சன் படத்துக்குள் எழுதியிருக்கும் குறிப்பைப் படித்து அதன்படி எண்ணைத் திருத்துகிறது. பட்டையைப் பழையபடியே அனுப்புகிறது. அதுதான் சதுரம்.

அந்தக் குறிப்பு என்ன என்று பார்ப்போம். சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரை மூன்று எண்களைக் கொடுத்தால் நிறம் முடிவாகிவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த எண்கள் எந்தச் சிவப்பை, எந்தப் பச்சையைக் குறிக்கின்றன, நடுத்தர எண் ஒன்றுக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் வேறாகச் சொல்லப்பட வேண்டியவை. இதை ஒழுங்குபடுத்த 1993இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கின. இன்று படங்களுக்குள் கிடக்கும் கலர் புரொபைல் என்ற நிறக் குறிப்பு அந்த அமைப்பின் வடிவத்தில் எழுதப்படுவது. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசொப்டும் எஸ்ஆர்ஜிபி என்ற, திரை நிறங்களுக்கான பொது அளவுகோலை முன்வைத்தன. 1999இல் அது சர்வதேசத் தரமானது. அதே 1996இல்தான் பிஎன்ஜி என்ற பட ஃபைல் வடிவமும் வந்தது. பிஎன்ஜியை வகுத்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே நல்லெண்ணம் கொண்டவர்கள். எந்த மெஷினில் செய்த படமும் எந்த மெஷினிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று, படத்துக்குள்ளேயே காமா என்ற எண்ணை எழுதிவைக்க இடம் விட்டார்கள். பெரும்பாலான தலைவலி அங்கிருந்துதான் வருகிறது.

காமா என்பது நடுத்தர வெளிச்சங்களை எப்படிப் பரப்புவது என்பதற்கான எண். விண்டோஸ் உலகம் 2.2ஐச் சுற்றி ஓடியது. அப்பிள் மேக் பல வருடம் 1.8இல் ஓடி, 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் வேர்சனில் 2.2க்கு மாறியது. பழைய மேக்கில் லோகோ செய்த ஒருவரின் பிஎன்ஜி ஃபைலுக்குள் 55556 என்ற எண் இருக்கலாம். அது 1ஐ 1.8ஆல் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்கியது. விண்டோஸ் பக்கத்துப் படத்தில் அது 45455 ஆக இருக்கும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்த்தால் சதுரம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பட்டையின் நீலம் 31, 78, 121. படத்தின் பின்புறத்திலும் அதே 31, 78, 121தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் படம் "என்னை 1.8இல் செய்தார்கள்" என்று சொல்கிறது. புது மென்பொருள் அதை நம்பி 2.2க்கு மாற்றும்போது அந்த நீலம் ஏறக்குறைய 45, 97, 139 ஆகிறது. பட்டை அப்படியே 31, 78, 121. கண்ணுக்குத் தப்ப முடியாத வித்தியாசம். ஆனால் அதே படத்தில் வெள்ளை 255 வெள்ளையாகவே இருக்கும், கறுப்பு 0 கறுப்பாகவே இருக்கும். காமா இரண்டு முனைகளையும் தொடாது, நடுவைத்தான் அசைக்கும். லோகோவில் உள்ள வெள்ளை எழுத்து சரியாகத் தெரிந்து, பின்புற நீலம் மட்டும் பிசகினால் முதலில் காமாவைச் சந்தேகிக்கலாம். வெள்ளைப் பின்புறம் கொண்ட லோகோக்களில் ஏன் இந்த முறைப்பாடு அநேகமாக வருவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

மென்பொருள் பக்கத்தில் எது மாறியது என்பது வேர்சனைப் பொறுத்தது. ஃபைல்மேக்கர் என்ற தரவுத்தள மென்பொருளில் பெரிய மாற்றம் 2012இல் வந்த 12ஆம் வேர்சன். ஃபைல் வடிவமே மாறியது. லேயவுட், அதாவது திரையின் அமைப்பு, வரையும் முறை வலைப்பக்கங்களுக்கு உரிய ஸ்டைல் முறைக்குப் போனது, தீம்கள் (திரை முழுவதற்குமான நிறத் தொகுப்புகள்) வந்தன. அதற்கு முந்தைய வேர்சன்களில் லேயவுட்டுக்கு நிறம் தெரிவு செய்ய 88 நிறம், 256 நிறம், வலைக்குரிய 216 நிறம் என்று தட்டுகள் இருந்தன. அந்தத் தட்டில் இருந்து நிறம் எடுத்து, அதே எண்ணில் போட்டோஷொப்பில் லோகோ செய்து ஒட்டுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபைல்களில் அந்த வழக்கத்தின் மிச்சம் நிறையக் கிடக்கிறது.

மைக்ரோசொப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸின் கதை வேறு. 2007க்கு முந்தைய அக்சஸ், ஃபோர்மில் (பதிவுத் திரையில்) வைக்கும் படத்தை பிட்மேப்பாக, அதாவது வெறும் நிறப் புள்ளிகளாக, மாற்றித்தான் வைத்துக்கொண்டது. அப்படி மாற்றும்போது புரொபைல், காமா, ஒளி ஊடுருவும் தன்மை எல்லாமே போய்விடும். 2007இல் படத்தை அதன் சொந்த வடிவத்திலேயே வைத்திருக்கும் தெரிவு வந்தது. ஒப்ஷன்ஸில் நடப்புத் தரவுத்தளத்துக்கான பகுதியில் அதைக் காணலாம். பழைய ஃபைலில் பிட்மேப்பாகக் கிடக்கும் படமும், புதிதாகச் சேர்த்த படமும் ஒரே ஃபோர்மில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒரே லோகோ இரண்டு விதமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. 2010இல் தீம் நிறங்களும் வந்து சேர்ந்தன. நீங்கள் பட்டைக்குக் கொடுத்தது நிலையான எண்ணா, தீமில் உள்ள "இரண்டாம் நீலம்" போன்ற ஒன்றா என்று பார்த்தாக வேண்டும். தீம் நிறமாக இருந்தால், யாரோ தீமை மாற்றிய அன்று பட்டை மாறும், படம் மாறாது. அங்கே படத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆகவே முதல் வேலை, மாறியது படமா பட்டையா என்று கண்டுபிடிப்பது. கண்ணால் தீர்மானிக்கக் கூடாது. வெளிறிய நீலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எந்த நீலமும் கடுமையாகத் தெரியும். எண்ணை எடுக்க வேண்டும். விண்டோஸில் திரையைப் படம் பிடித்து பெயின்டில் ஒட்டி, நிறம் உறிஞ்சும் கருவியால் பட்டையில் ஒரு தொடு, படத்தில் ஒரு தொடு. மேக்கில் டிஜிட்டல் கலர் மீட்டர் கூடவே வருகிறது. ஆனால் அதில் மேலே உள்ள தெரிவைக் கவனியுங்கள். திரையின் சொந்த எண்ணைக் காட்டு என்றிருந்தால் ஒரு விடை, எஸ்ஆர்ஜிபியில் காட்டு என்றிருந்தால் இன்னொரு விடை. எந்த முறையென்றாலும் இரண்டு நிறத்துக்கும் ஒரே முறையில் அளந்தால் போதும்.

பட்டையில் நீங்கள் கொடுத்த அதே எண் வருகிறதா? அப்படியென்றால் பட்டை ஒழுங்காக இருக்கிறது, படத்தைத்தான் மென்பொருள் திருத்துகிறது. பட்டையின் எண்ணே வேறாக இருக்கிறதா? தீம், அல்லது மாற்றும்போது ஏதோ நடந்திருக்கிறது. இன்னொரு சோதனையும் செய்யலாம். தரவுத்தளத்துக்குள் இருக்கும் படத்தை வெளியே எடுத்து, உங்களிடம் உள்ள மூலப் படத்தோடு ஃபைல் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். பைட் கணக்கில் ஒன்றாக இருந்தால் அநேகமாக யாரும் படத்தைத் தொடவில்லை, காட்டும் விதம்தான் மாறியது. அளவு வேறென்றால் மாற்றும்போதோ, சிறுபடம் உண்டாக்கும்போதோ மென்பொருள் படத்தைப் புதிதாக எழுதியிருக்கிறது. இதைச் செய்யாமல் நேரே போட்டோஷொப்பைத் திறக்கிறவர்கள் நாள் முழுக்க அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

வித்தியாசம் எப்படித் தெரிகிறது என்பதே காரணத்தையும் காட்டிக்கொடுக்கும். ஒன்றிரண்டு எண் மட்டும் தள்ளியிருந்தால் அது அநேகமாக ஜேபெக். ஜேபெக் சிவப்பு, பச்சை, நீலமாக நிறத்தைச் சேமிப்பதில்லை. வெளிச்சம் ஒன்று, நிற வேறுபாடு இரண்டு என்று மாற்றி, முழு எண்ணாக்கிச் சேமிக்கிறது. நம்முடைய 31, 78, 121ஐ அப்படி மாற்றினால் 69, 157, 101 வரும். திரும்ப மாற்றினால் 31, 78, 120. சுருக்கும் வேலை தொடங்கும் முன்பே நீலத்தில் ஒன்று குறைந்துவிட்டது. அதன்மேல் தரத்தைக் குறைத்துச் சேமித்தால் இன்னும் தள்ளும், எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்த மாதிரி புள்ளிகளும் வரும். நல்ல திரையில், பெரிய ஒரே நிறப் பரப்பில், இந்த ஒன்றிரண்டு எண்ணும் கூர்ந்து பார்ப்பவர் கண்ணில் படும். ஆகவே ஒரே நிறப் பின்புறம் உள்ள எதையும் ஜேபெக்கில் வைத்துக்கொண்டு லேயவுட் நிறத்தோடு பொருந்த வேண்டும் என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை.

முழுப் படமும் சோர்ந்து, பச்சையும் சிவப்பும் உயிரில்லாமல் தெரிந்தால், படம் எஸ்ஆர்ஜிபியை விட அகலமான அடோபி ஆர்ஜிபி என்ற அளவுகோலில் செய்யப்பட்டு, மென்பொருள் அதைக் கவனிக்காமல் காட்டுகிறது என்று கொள்ளலாம். நிறம் புள்ளி புள்ளியாகக் கலந்து தெரிந்தால் பழைய 256 நிறத் தட்டின் மிச்சம். லோகோவுக்குப் பின்னால் வெறும் கறுப்போ வெள்ளையோ வந்தால் ஒளி ஊடுருவும் பகுதி தொலைந்துவிட்டது, நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படம் பழைய ஃபிலிம் நெகடிவ் மாதிரித் தலைகீழ் நிறத்தில் வருவதும் உண்டு. அது அச்சகத்தில் இருந்து வந்த லோகோ. இங்கே பல கடைகளுக்கும் விடுதிகளுக்கும் லோகோ என்று ஒன்று கையில் இருப்பது, பில் புத்தகமும் விசிட்டிங் கார்டும் அடித்த அச்சகத்தில் வாங்கியதுதான். அச்சுக்குரிய நான்கு நிற ஜேபெக்காக அது இருக்கும். அடோபி மென்பொருள்கள் அத்தகைய ஜேபெக்கில் எண்களைத் தலைகீழாக எழுதுவது வழக்கம். அதை அறியாத மென்பொருள் நெகடிவாகக் காட்டும். அறிந்த மென்பொருள் சரியாகக் காட்டினாலும், அச்சு மையின் நீலத்தைத் திரையின் நீலத்தோடு எண்ணுக்கு எண் பொருத்த முடியாது. அச்சகத்திடம் வெக்டர் ஃபைல் (புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாக வரைந்த மூலம்) இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, அதிலிருந்து திரைக்கென்று தனியாக ஒரு பிஎன்ஜி எடுப்பதே நல்லது.

சரி, திருத்துவது எப்படி? பலர் செய்வது, படத்தின் நிறத்துக்குத் தோதாகப் பட்டையின் நிறத்தைக் கண்ணளவில் மாற்றுவது. 31, 78, 121ஐ 45, 97, 139 ஆக்கிவிட்டால் அந்த மெஷினில் சதுரம் மறைந்துவிடும். முதலாளி சந்தோஷம். ஆனால் வரவேற்பு மேசையில் விண்டோஸ், முதலாளி வீட்டில் மேக், கடற்கரையில் நிற்கும் பையன் கையில் ஐபேட் என்று ஒரே ஃபைலை மூன்று இடத்தில் திறக்கும்போது, குறிப்பைப் படிக்காத இடத்தில் சதுரம் திரும்பவும் முளைக்கும், இந்த முறை மறுபக்கமாக. அடுத்த வேர்சனில் பட்டையின் நிறத்தையும் நிர்வகிக்கத் தொடங்கினால் இங்கேயும் குழம்பும். என் அபிப்பிராயத்தில் இது திருத்தம் இல்லை, முறைப்பாட்டை அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போடுவது.

பொருத்த வேண்டிய தேவையையே இல்லாமல் செய்வதுதான் வழி. லோகோவின் பின்புற நீலத்தை முழுதாக அழித்து, எழுத்தும் சின்னமும் மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் ஒளி ஊடுருவும் பிஎன்ஜியாகச் செய்யுங்கள். நீலத்தை மென்பொருளே பட்டையாக வரையட்டும். அப்போது இரண்டு நீலம் என்ற பேச்சே இல்லை, ஒரு நீலம்தான். லோகோவின் சொந்த நிறம் ஐந்து எண் தள்ளினாலும் பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாததால் யாருக்கும் தெரியாது. இதில் ஒரு சின்னப் பொறி உண்டு. நீலத்தின் மேல் வைத்து அறுத்தெடுத்த எழுத்தின் ஓரத்தில் பழைய நீலம் மெல்லிய கோடாக ஒட்டியிருக்கும். மூல ஃபைலில் பின்புற லேயரை அணைத்துவிட்டு எடுத்தால் அது வராது. மந்திரக்கோல் கருவியால் நீலத்தைத் தெரிவு செய்து அழித்தால் கட்டாயம் வரும்.

மூல ஃபைல் இல்லை, ஒட்டிய படம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், படத்துக்குள் இருக்கும் குறிப்பைக் கழற்றிவிடலாம். இமேஜ்மேஜிக், பிஎன்ஜிகிரஷ் போன்ற இலவசக் கருவிகள் இதைச் செய்யும். இங்கே இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புரொபைலை மாற்றுவது என்றால் தோற்றத்தை வைத்துக்கொண்டு எண்களை மாற்றுவது. புரொபைலை நீக்குவது அல்லது வேறொன்றை ஒட்டுவது என்றால் எண்களை வைத்துக்கொண்டு அர்த்தத்தை மாற்றுவது. நம்முடைய லோகோவில் எண் சரியாகத்தான் இருக்கிறது, ஒட்டியிருக்கும் குறிப்புத்தான் வம்பு. ஆகவே நீக்குவதே பொருத்தம். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றப் போனால் 45, 97, 139ஐ நிரந்தரமாக்கிவிடுவோம்.

அறைகளின் போட்டோ, கடையில் சாறிகளின் போட்டோ என்றால் இதற்கு நேர்மாறு. அங்கே தோற்றம்தான் முக்கியம், எண் அல்ல. 2016இல் வந்த ஐபோன் 7 முதல் அந்தப் போன்கள் டிஸ்பிளே பி3 என்ற அகலமான நிற வெளியில் படம் எடுக்கின்றன. புறாத்தீவுப் பக்கத்துக் கடலின் பச்சை நீலமும், பட்டுச் சாறியின் குங்குமச் சிவப்பும் அதில் நன்றாக விழும். அந்தப் புரொபைலைக் கழற்றி எறிந்தால் எண்கள் எஸ்ஆர்ஜிபி என்று வாசிக்கப்பட்டு, கடலும் சாறியும் மங்கிப்போகும். மத்திய வீதியில் சாறிக் கடை வைத்திருப்பவர் தரவுத்தளத்தில் உள்ள படத்தைக் காட்டி வெளியூருக்கு ஓர்டர் எடுக்கிறார் என்றால், நிறம் மாறிய சாறி திரும்பி வரும் செலவு அவருடையது. போட்டோக்களை முறையாக எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அந்தக் குறிப்பையும் உள்ளே விட்டுவைப்பதே நல்லது. குறிப்பைப் படிக்கும் மென்பொருளும் படிக்காத மென்பொருளும் சாதாரணத் திரையில் ஏறக்குறைய ஒரே நிறத்தைக் காட்டும். வட்ஸப்பில் வந்த பிரதியைச் சேர்க்காமல், போனில் இருக்கும் மூலப் படத்தைக் கேபிள் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். வட்ஸப் சாதாரணமாக அனுப்பும் படத்தைத் திரும்பச் சுருக்கித்தான் அனுப்பும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முயல வேண்டாம். வெற்றுத் தரவுத்தளம் ஒன்றைத் திறந்து, ஒரு பட்டை வரைந்து, பழைய லோகோ, குறிப்பு நீக்கிய லோகோ, பின்புறம் இல்லாத லோகோ மூன்றையும் அதன்மேல் வைத்து, பாவனையில் உள்ள ஒவ்வொரு மெஷினிலும் திறந்து பாருங்கள். பிரிண்டும் ஒன்று எடுத்துப் பாருங்கள், பிடிஎஃப்பாகவும் ஒன்று. திரையில் ஒழுங்காக இருந்த ஒளி ஊடுருவும் லோகோ, பழைய பிரிண்டர் டிரைவரில் வெள்ளைப் பெட்டியோடு வருவது நடக்கும். அப்படியானால் பில்லுக்கும் ரசீதுக்கும் வெள்ளைப் பின்புறம் உள்ள இன்னொரு லோகோவைத் தனியாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது. வெள்ளைக் கடதாசியில் அதைக் கண்டுபிடிக்க ஆளில்லை.

ஃபைல்மேக்கரின் பழைய வடிவத்தில் இருந்து 12க்கு மாற்றும்போது மென்பொருள் புது ஃபைல் ஒன்றை உண்டாக்குகிறது, பழையது தொடாமல் கிடக்கும். புதியதைப் பழைய வேர்சனில் திறக்க முடியாது. திரை ஒழுங்காகத் தெரிகிறது என்று பழைய ஃபைலை அன்றைக்கே அழித்துவிடுகிறவர்கள் உண்டு. லோகோவின் மூலப் படம் வேறெங்கும் இல்லாத கடைகளில், அந்தப் பழைய ஃபைலுக்குள் ஒட்டியிருப்பதுதான் கடைசிப் பிரதி. ஒரு பென்ட்ரைவில் போட்டு லாச்சிக்குள் வைத்துவிடுங்கள்.